போனஸுக்குச் சொல்லாதீங்க

1

அத்த வுடு வள்ளி. கோடி ஊட்டுக்காரி மருமவ கோச்சிகினு மீஞ்சூர்ல அம்மா ஊட்டுக்குப் போனா இன்னா, திரும்பி வந்தா இன்னா. வருசத்துக்கு ரெண்டு தபா போவா, புள்ளிங்களுக்கு ஸ்கூலு தொறக்கசொல்ல தானா வந்துடுவா. ஆனா நீ குடுத்த பச்ச பொடவய கட்டிகினா போனா? மெய்யாலுமா? சரி, அத்த அப்பால பேசிக்கலாம். எனக்கு இங்க வயிறு எரிஞ்சிகினு கீது. இந்த ஊரு நாய் டாக்டரம்மாவும் நான் பெத்த பொண்ணும் சேந்து இன்னா பண்ணாளுங்க தெரியுமா? நம்ம போனஸுக்கு கேன்சருன்னு, போனஸு எதிர்லயே, அது மூஞ்ச பாத்துகினே சொல்லிட்டாளுங்க.

நாயிதானேன்னு சிரிக்காதே. முழுசா கேளு.

முன்னங்கால நொண்டுதேன்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். ஆஸ்பத்திரியா அது? நம்மூரு கல்யாண மண்டபம் தோத்துது போ. நாய்ங்களுக்கு ஒரு பக்கம் சோபா, பூனைங்களுக்கு ஒரு பக்கம் சோபா. போன ஒடனே ஒரு பொண்ணு பிஸ்கோத்து குடுத்தா. எனக்கில்ல, அதுக்கு. எனக்கு சந்தோசம்தான், பொய் சொல்லுவானேன். கும்முடிபூண்டியில லாரிக்கு அடியில படுத்து எந்திரிச்சது, அயர்லாந்துல சோபா மேல குந்திகினு முதலாளி மாரி பாக்குது. அந்த அழக பாத்துகினே இருக்கலாம்.

போட்டோ புடிச்சாங்க, ரத்தம் எடுத்தாங்க. அப்பால டாக்டரம்மா வந்து தரையில சம்மணம் போட்டு குந்திகினா. செகப்பு முடி, சின்ன வயசு. போனஸு தலைய மடியில வெச்சி தடவிகினே "ஸாரி"ன்னா. ஸாரின்னா தப்பு பண்ணவங்க கேக்கறதுதானே? இவ இன்னா தப்பு பண்ணான்னு நான் முழிச்சிகினு கீறேன், பக்கத்துல ரெஜினா அழுவுறா. என் பொண்ணு எப்டிப்பட்டவன்னு உனக்குத் தெரியும். நர்சு வேல பாத்து பாத்து நெஞ்சு இறுகினவ. அவ அழுவுறா.

"இன்னாடி?"ன்னேன்.

அவ அந்த எடத்துலயே, நல்லா உரக்க, "எலும்புல கேன்சரும்மா. நெஞ்சு வரிக்கும் பரவிடுச்சாம். ஒண்ணும் பண்றதுக்கில்ல. வலி ஜாஸ்தி ஆவறதுக்குள்ள ஊசி போட்டு தூங்க வெச்சிடலாம்ன்றாங்க" அப்டின்னா.

தமிழ்ல சொன்னா வள்ளி! டாக்டரம்மா இங்கிலீஸ்ல சொன்னது கூட போவட்டும், அது அதுக்குப் புரியாது. இவ தமிழ்ல சொல்றா. போனஸு தலைய தூக்கி அவள பாத்துது. அப்பால என்ன பாத்துது. காத பின்னாடி மடிச்சிகிச்சு.

எனக்கு வந்துச்சே கோவம். "வாய மூடுறீ! அது குந்திகினு கீது கண்ணு தெரியல? உனக்கு அறிவு கீதா?"ன்னு போட்டேன் ஒரு கத்து. பூனைங்க அல்லாம் சோபாவுக்கு அடியில போயிடுச்சு. நான் கீழ குந்தி அது காதாண்ட போயி, "அவ கெடக்கறா, சொம்மா சொல்றா. சுளுக்குடா நைனா. எண்ண போட்டு நீவுனா சரியாயிடும்"ன்னேன். வால ரெண்டு ஆட்டு ஆட்டுச்சு. நம்புச்சா நம்பலையான்னு தெரியல.

டாக்டரம்மா ரெஜினாவ பாத்து இன்னான்னு கேக்கறா. என் பொண்ணு இன்னா சொன்னா தெரியுமா? "அம்மா வருத்தமா கீறாங்க"ன்னாளாம். வருத்தமா? கோவம்டீ, கோவம்!

2

நீ அனுப்புன வாய்ஸ கேட்டேன். நல்லா சிரிக்கிறே. "நாயிகிட்ட கேன்சர மறைக்கணுமா, குளுருல உனக்கு மண்ட கொழம்பிடுச்சா"ன்றே. நீ சொல்லலாமா இத்த? எங்க ஊட்டுக்காரருக்கு வந்தப்ப நீ இன்னா பண்ணே? நெனச்சி பாரு.

மெட்ராஸு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பிட்டாங்க, இன்னும் கொஞ்ச நாளுதான்னு. அவர ஊட்டுல வுட்டுட்டு ரிப்போர்ட்டு வாங்கப் போன நானும் ரெஜினாவும் ரயிலேறி வந்தோம். வர்ற வழியில பேசி முடிச்சிட்டோம், கொடல்ல புண்ணுன்னு சொல்லிடறதுன்னு. நான் யாருக்கும் தனியா சொல்லவே இல்ல, தெருவே சேந்துகிச்சு. நீ மோரு கொண்டாந்து, "குடிண்ணே, புண்ணு ஆறிகினு வருது, மூஞ்சில களை வந்துடுச்சு"ன்னே. பொட்டிக்கடைக்காரரு பீடி கேட்டா குடுக்க மாட்டாரு, "புண்ணு ஆறட்டும், அப்பால ஒரு கட்டே தரேன்"ன்னுவாரு. மில்லுல இருந்து ஆளுங்க ஷிப்டு முடிச்சி யூனிபாரத்தோட வந்து கட்டிலச் சுத்தி குந்திகினு, "எப்பண்ணே டூட்டிக்கு வர்றே, கேட்டுல ஒரு வடக்கத்தி பையன வெச்சிகீறாங்க, யாரு இன்னான்னே தெரியாம அல்லாரையும் உள்ள வுடறான்"ன்னு சிரிச்சாங்க. வெளிய வந்து முருங்க மரத்தாண்ட நின்னு அழுதுட்டு போனாங்க. ஒருத்தர் வாயிலருந்து அந்த வார்த்த வரல. சாவறவன் எதிர்ல சாவ சொல்லக்கூடாது. இது கூட தெரியாதவன் மனுசனா?

அப்ப போனஸும் அந்த கட்டிலுக்கு அடியிலதான் படுத்துகினு இருந்துது. அதுக்கு பேரு வெச்சதே உங்க ஊட்டுக்காரருதானே. தீவாளிக்கு மில்லுல போனஸு இல்லன்னு சொல்லிட்டாங்க. அல்லாரும் கேட்டாண்ட கூட்டமா நின்னு கூவிகினு கீறாங்க, உள்ளயிருந்து இந்த குட்டி மட்டும் வாலாட்டிகினு வெளிய வருது. "தோ வந்துடுச்சுடா நம்ம போனஸு"ன்னாரு உங்காளு. கோவத்துல இருந்தவனுங்க அல்லாம் சிரிச்சிட்டானுங்க. அன்னியிலிருந்து எங்க ஊட்டுக்காரரோட வாச்மேன் வேல பாத்துது. காக்கி சட்ட போட்டவன பாத்தா வாலாட்டும், வெள்ள சட்ட போட்ட ஆபீசருங்கள பாத்தா கொலைக்கும். அந்த குணம் இன்னும் போவல. இங்க போஸ்டுமேன் கிட்ட கொஞ்சும், சர்ச்சு சாமியாரு வந்தா தொரத்தும்.

அவரு போனப்புறம் ரெஜினா வந்து, "கெளம்பும்மா, நீ தனியா இருக்க வேணாம்"ன்னா. போனஸு இல்லாம நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன்னுட்டேன். அதுக்கு அவ பட்ட பாடு! கழுத்துல தோலுக்கு அடியில அடையாள சிப்பு வெக்கணும்னாங்க. வெறிநாய் ஊசி போட்டு, ரத்தத்த எடுத்து எங்கியோ அனுப்பி, அது வந்து, அப்பால மாசக்கணக்கா காத்திருந்து, பூச்சி மாத்திர குடுத்து, முத்திர மேல முத்திர. என் விசாவுக்கு கூட அத்தினி முத்திர இல்ல. இங்க வந்தா போஸ்டாபீசுல நாய்க்கு லைசென்சு குடுக்கறாங்க. மாப்ள மூணு தபா பரீட்ச எழுதி கார் லைசென்சு வாங்குனாரு. போனஸு ஒரே தபாவுல வாங்கிடுச்சு. இத்த நான் சொல்லி சொல்லி சிரிக்கறதுல அவருக்கு என் மேல கொஞ்சம் கடுப்பு.

3

நான் ஊட்டுல ஒரு சட்டம் போட்டுட்டேன். போனஸு இருக்கற எடத்துல அது நோவ பத்தி ஒருத்தரும் தமிழ்ல பேசக்கூடாது. பேசணும்னா கார் நிறுத்தற ரூமுக்குப் போயி, கதவ சாத்திகினு, துணி தொவைக்கற மிசினு பக்கத்துல நின்னு பேசணும். மிசினு ஓடினு இருந்தா இன்னும் நல்லது.

ரெஜினா தலையில அடிச்சிகினா. "அம்மா, எங்க ஆஸ்பத்திரியில மனுசனுக்கே நேரா குந்த வெச்சி சொல்லிடுவோம். சொல்லலன்னாதான் இங்க தப்பு. நாய்க்கு இன்னாம்மா தெரியும்?"

"தெரியாதுன்னு உனக்கு எப்டி தெரியும்? அதுகிட்ட கேட்டியா?"

"அய்யோ, உன்னோட பேஜாரும்மா."

பேஜாருதான். நானா கேட்டேன் இந்த ஊர?

இதுல நான் எதிர்பாக்காதது பேத்தி ஏஞ்சலு. உனக்கு தெரியும்ல, போன வருசம் வீடியோவுல "வள்ளி பாட்டிக்கு வணக்கம் சொல்லு"ன்னா கைய மட்டும் ஆட்டிட்டு ஓடுனாளே, அவதான். என்னோட ஒரு வார்த்த தமிழ்ல பேச மாட்டா. நான் கேட்டா தோள குலுக்குவா. வயசு பன்னண்டு ஆவுது, எதுக்கெடுத்தாலும் தோளதான் குலுக்குறா. ஆனா போனஸுக்கு தமிழ்தான் புரியும்ன்றதால அதுங்கிட்ட மட்டும் பேசுவா. "வா", "குந்து", "துன்றியா", "கம்முனு கெட". மொத்தமா அவகிட்ட கீற தமிழு அவ்ளோதான். அதுவும் நம்ம மில்லு கேட்டு தமிழு.

சட்டம் போட்ட அன்னிக்கி சிரிச்சா. மறுநாளு சாயங்காலம் வந்து என் பக்கத்துல நின்னுகினு, சின்ன கொரல்ல, "ஆயா, இட் வில் கெட் பெட்டர், தமிழ்ல எப்டி?"ன்னா. "சரியாப் பூடும்"ன்னேன். போயி அது தல மேல தலைய வெச்சிகினு, "போனஸ், சரியா பூதும். சரியா பூதும்"ன்றா. எனக்கு சிரிப்பு வருது. பத்து வருசமா நான் சோறு ஊட்டி ஊட்டி கத்துக் குடுத்து வராத தமிழு, பொய் சொல்றதுக்கு வருது பாரு. அடுத்த நாளு இன்னும் ரெண்டு பொய் கேட்டா. குடுத்தேன்.

என் கோவம் இதுலயும்தான் கீது. அது போயிட்டா இவ யாரோட பேசுவா? நான் யாரோட பேசுவேன்? ரெஜினா டூட்டிக்குப் போவா, மாப்ள கம்ப்யூட்டர் முன்னாடி குந்துவாரு. காலையில நான் எழுந்து "இன்னாடா, மழ பேஞ்சிகினே கீது"ன்னா காத தூக்கி கேக்கறது அது ஒண்ணுதான். தெருவுல போறவங்க அல்லாம் "ஹவ் ஆர் யூ"ன்றாங்க. நானும் வந்த புதுசுல நின்னு, முட்டி வலின்னு சொல்லலாம்னு வாய தொறப்பேன். அவங்க போயிட்டே கீறாங்க வள்ளி! பதில கேக்க நிக்க மாட்டீங்கன்னா எதுக்குடா கேக்கறீங்க?

4

டாக்டரம்மா நேத்து ஊட்டுக்கே வந்துட்டா. நான்தான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னுட்டேனே. போனஸு லைசென்சுலருந்து சிப்பு வரிக்கும் என் பேருல கீது. நான் சரின்னு சொல்லாம அவங்க அது மேல ஒரு ஊசி குத்த முடியாது. அதனால என்ன கெஞ்ச வந்துகீறான்னு நெனச்சேன்.

வாசல்லயே மறிச்சி, கைய புடிச்சி இஸ்துகினு போயி தொவைக்கற மிசினு பக்கத்துல நிக்க வெச்சேன். நல்லா வாங்கு வாங்குன்னு வாங்குனேன். "ஏம்மா, நீ படிச்ச படிப்புல, பேசண்டு எதிர்ல பேசக்கூடாதுன்னு சொல்லித் தரலையா? உங்க நைனாவுக்கு வந்தா அவரு எதிர்ல இப்டிதான் சொல்லுவியா? நல்லா இருக்கறத ஊசி போட்டு கொல்றதுக்கு நாளு குறிக்கிறியே, உன் ஊட்டுல கெயவன் கெயவிக்கும் இப்டிதான் குறிப்பியா?" நான் பத்து சொன்னா ரெஜினா ஒண்ணு சொல்றா, அதுவும் சக்கரய தடவி. ஆனா என் கைய பாத்தே அந்த பொண்ணுக்கு புரிஞ்சிடுச்சு போல. அவ கோவிச்சிக்கல. கொரல எறக்கி, கதவு சாத்திகீதான்னு ஒரு தபா திரும்பி பாத்துகினு பேசுனா. அத்த பாத்ததும் எனக்கு பாதி கோவம் போயிடுச்சு. பாதிதான்.

"அழுவுதா, மொனவுதான்னு கேக்கறாங்கம்மா"ன்னா ரெஜினா.

"ஒரு சத்தம் கெடையாது. என் பக்கத்துலயேதான் கெடக்குது. நான் எழுந்தா எழுந்துக்குது, வாலாட்டுது. நல்லா துன்னுது. வலியே இல்ல அதுக்கு. சொல்லு அவகிட்ட."

ரெஜினா சொல்லல. "சொல்லுடீ"ன்னேன்.

"அழுவுதும்மா"ன்னா.

"எப்போ?"

"நீ குளிக்கப் போனா. சர்ச்சுக்குப் போனா. கடைக்குப் போனா. நீ கதவ சாத்துன ஒடனே படுத்துக்குது. அப்டி அழுவுது, எனக்கு கேக்க முடியலம்மா. நீ வர்ற சத்தம் கேட்டா, எப்டியோ கால ஊணி எழுந்து நின்னுக்குது. நீ உள்ள வரசொல்ல வாலாட்டிகினு நிக்குது. ரெண்டு வாரமா இதான். உனக்கு எப்டி சொல்றதுன்னு தெரியல."

டாக்டரம்மா தலையாட்டுனா. நாய்ங்க அப்டிதானாம். யாரு மேல உசுரோ அவங்க எதிர்ல வலிய காட்டாதாம்.

கேட்டுகினு கீறியா வள்ளி? நான் ஊரையே வாய மூட வெச்சி அதுகிட்ட மறைக்கிறேன். அது என்கிட்ட மறைக்குது. என்னியே டபாய்ச்சிகீது!

அப்பால ஒண்ணு தோணிச்சு பாரு. எங்க ஊட்டுக்காரரு. கடைசி வாரத்துல, நான் ஒண்ணும் கேக்கல, அவரா என் கைய புடிச்சி, "புண்ணு ஆறிகினு வருதுடீ. இப்பல்லாம் வலியே இல்ல"ன்னாரு. அவரா சொன்னாரு. நான் அப்ப வெளிய வந்து உன்கிட்ட, "நம்பிட்டாரு வள்ளி, பாவம்"ன்னேன், ஞாபகம் கீதா?

நேத்துலருந்து அந்த மனுசன் மேல எனக்கு வர்ற கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. செத்தவரு கிட்ட சண்ட போட முடியாது. இருந்திருந்தா கெழிச்சிருப்பேன்.

5

இன்னிக்கி காலையில நானே பாத்துடலாம்னு கெளம்புனேன். கோட்ட மாட்டிகினு, "கடைக்குப் போயிட்டு வரேன்டா, கோழி வாங்கியாறேன்"ன்னு சொன்னேன். வாசல் வரிக்கும் வந்து வழியனுப்புச்சு. கதவ சாத்திட்டு போவல. ஜன்னலுக்கு கீழ, குப்ப டப்பா பக்கத்துல நின்னுகினேன். மழ. இந்த ஊருல மழ சத்தமே போடாது, சொம்மா நனைக்கும். அதனால உள்ள நல்லா கேட்டுது.

மொதல்ல தொப்புன்னு வுழுந்துது. அப்பால ஆரம்பிச்சுது. உன்கிட்ட அத்த எப்டி சொல்றது? கொழந்த மாரின்னு சொன்னா பொய்யி. கொழந்த யாராவது வரட்டும்னு அழும். இது யாரும் வந்துடக் கூடாதுன்னு அழுவுது. மூச்ச அடக்கி அடக்கி.

சாவி என் கையில கீது. ஆனா நான் உள்ள போனா அது எழுந்து நிக்கணுமே வள்ளி. அந்த கால ஊணி, எனக்கோசரம் நிக்கணும், வால வேற ஆட்டணும். பெத்த தாயி கூட எனக்காக அவ்ளோ பண்ணதில்ல. அதனால போவல. அழுது முடிக்கட்டும், கொஞ்ச நேரமாவது படுத்துகினு அழட்டும்னு மழயில நின்னேன். எதுத்த ஊட்டு கெயவரு கொட புடிச்சிகினு வந்து "ஹவ் ஆர் யூ"ன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல, "நாசமாப் போனேன், நல்லா கீறேன், போய்யா"ன்னேன். இந்த தபா அவரு போவல. நின்னாரு. கொடய என் கையில குடுத்துட்டு, தலைய மழயில காட்டிகினே நனைஞ்சிகினு போனாரு. கோவத்த காட்டுனா கொட குடுக்கறானுங்க, இன்னா ஊரோ.

மத்தியானம் ரெஜினா வந்ததும் கார் ரூமுக்கு இட்டுகினு போயி, "வரச்சொல்லு"ன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அவ என்ன கட்டிகினா. நான் தள்ளி வுட்டேன். எனக்கு கோவம் ஆறல, இத்த நல்லா புரிஞ்சிக்கோ. அவங்க சொன்னாங்கன்னு நான் சரின்னு சொல்லல. அது எனக்கு முன்னாடி நின்னு நின்னு ஓய்ஞ்சி போச்சு, அத்தொட்டுதான் சொன்னேன்.

கையெழுத்து வேணும்னு போன்ல அனுப்பிகீறாங்க. வெரலால கண்ணாடி மேல எழுதணுமாம். எனக்கு எழுத்து ஏது? கட்ட வெரல அழுத்தி வெச்சேன். அது ஏத்துக்கல, திரும்ப திரும்ப அழிஞ்சி போவுது. நம்மூருன்னா ரேசன் கடையில இருந்து பேங்கி வரிக்கும் என் கட்ட வெரலுக்கு மரியாத கீது. ஏஞ்சலு வந்து என் வெரல புடிச்சி ஒரு கோடு இஸ்தா. இன்னாத்துக்குன்னு அவளுக்கும் தெரியும். கோடு கொஞ்சம் கோணலா போச்சு. போதும்னுட்டாங்க.

6

நாளைக்கி மத்தியானம் டாக்டரம்மா வரா. சட்டம் நாளைக்கும் உண்டுன்னு சொல்லிட்டேன். வெறிநாய் ஊசின்னு போனஸுகிட்ட சொல்லிட்டேன், வருசா வருசம் போடறதுதானே. வெள்ள கோட்டு போட்டுகினு வரக்கூடாதுன்னு ரெஜினாவ வுட்டு சொல்லச் சொல்லிகீறேன். வெள்ள சட்டன்னா கொலைக்கும், கடைசியில கோவத்தோட போவ வேணாம். கோவத்த நான் வெச்சிக்கிறேன். மாப்ள லீவு போட்டுகீறாரு. காக்கி சட்ட ஒண்ணு கெடைக்குமான்னு கேட்டேன், அந்த மனுசன் ஒடனே கடைக்குப் போயிகீறாரு.

உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். இத்த கேட்டதும் நீ ஒரு வாய்ஸு அனுப்பணும். அழுதுகினு அனுப்பாதே, நான் ஸ்பீக்கர்ல போடுவேன், அது கேக்கும். ரொட்டி போடறதுக்கு கூப்புடுவியே, தெருக்கோடி வரிக்கும் கேக்கற மாரி, அப்டி கூவு. "டேய் போனஸு, எங்கடா போயி தொலைஞ்சே"ன்னு திட்டு. உன் திட்டுன்னா அதுக்கு அவ்ளோ குஜாலு. பின்னாடி லாரி போற சத்தம் கேட்டா இன்னும் நல்லது, ரோட்டாண்ட நின்னு பேசு. புண்ணு ஆறிடும், மோரு குடின்னு மட்டும் சொல்லாதே. அது வேணாம்.

இப்ப வந்த வாய்ஸுல நீ கேக்கறே, புதைப்பாங்களா எரிப்பாங்களான்னு. அத்த இப்ப கேப்பியா? ஸ்பீக்கர்ல போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்? அறிவு கெட்டவளே, உன்ன நான்...

இரு. இரு வள்ளி. ஈரம் பண்ணிகிச்சு. மெத்த பூரா. தலைய தொங்க போட்டுகினு என்ன பாக்குது, எழுந்துக்க பாக்குது. வெச்சிடறேன், துணி மாத்தணும்.

டேய், எழுந்துக்காதே, எழுந்துக்காதே. படு. ஒண்ணுமில்லடா நைனா. தண்ணிதான். நான்தான் சொம்ப தட்டி வுட்டுட்டேன்.